மலைச் சைக்கிள் டயர் ரிம்மில் சமமாக உட்காராதபோது: மூன்று ஆண்டு அனுபவம்

மண் பாதையில் ஓட்டும்போது பெரிதாகத் தெரியவில்லை. தார்ச் சாலையில் வேகம் எடுத்ததும் பின்சக்கரம் சுற்றுக்கு ஒரு முறை சீட்டைத் தூக்கிப் போட்டது. புது டயர் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடையில் ரிம் கோணல் என்று சொல்லி, ஸ்போக்குகளை முறுக்கிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். குதிப்பு குறையவில்லை. இரண்டாம் முறையும் அதையே செய்தபோது எனக்குக் கோபம் வந்தது.

வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேமில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் முனை ரிம்மை ஒட்டினாற்போல் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினேன். ரிம் நேராகத்தான் ஓடியது. குச்சியை டயருக்கு நேரே நகர்த்தியதும் உண்மை தெரிந்தது: ஒரே ஓர் இடத்தில் டயர் பள்ளமாக உள்வாங்கியிருந்தது.

டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே, மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். டயர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே உயரத்தில் தெரியும். என் சக்கரத்தில் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அது ரிம்முக்குள் மறைந்திருந்தது.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. டயரை மாட்டும்போது அதன் ஓரக் கம்பி அந்தப் பள்ளத்தில் இறங்குவதால்தான் மறுபக்கம் தளர்ந்து உள்ளே போகிறது. காற்று ஏற ஏற, கம்பி பள்ளத்திலிருந்து மேலேறி இருபுறத் திட்டுகளிலும் அமர வேண்டும். ரப்பர் உலர்ந்திருந்தால் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். வால்வின் தடித்த அடிப்பகுதி கம்பிக்குக் கீழே சிக்கினாலும் இதே கதைதான். எனக்கு நேர்ந்தது அதுதான்.

காற்றை முழுக்க இறக்கி, வால்வை உள்நோக்கி அழுத்தி விடுவித்தேன். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் இருபுற ஓரங்களிலும் சுற்றிலும் தடவினேன். கொஞ்சம் காற்றடித்து, டியூப் எங்கும் பிதுங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, பள்ளமான இடத்தை இரு கைகளாலும் வெளியே இழுத்துவிட்டேன். பிறகு டயரில் அச்சிட்டிருந்த உச்ச அளவான 50 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றினேன். 'டப்' என்ற சத்தத்துடன் கோடு வெளியே வந்தது. அப்புறம் ஓட்டும் அளவான 30-க்கு இறக்கிவிட்டேன். அச்சிட்ட அளவைத் தாண்டி மட்டும் ஏற்றாதீர்கள். டயர் ரிம்மை விட்டுத் தெறித்தால் கையும் முகமும்தான் அருகில் இருக்கும். எண்ணெயும் கிரீஸும் கூடவே கூடாது. சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் நழுவி வால்வைச் சாய்த்துவிடும்.

அதன்பின் ஐந்து முறை டயர் மாற்றியிருக்கிறேன், எல்லாம் 57-622 அளவு, அதாவது 29 அங்குல சக்கரத்துக்கு 2.25 அங்குல அகலம். மடித்து விற்கும் டயர்களை மாட்டும் முன் ஒரு நாள் விரித்து வெயிலில் போடுகிறேன், மடிப்பு நெகிழ்ந்துவிடுகிறது. இரும்புக் கம்பி வைத்த டயரில் கம்பியே மடங்கியிருந்தால் எந்த வெயிலும் உதவாது, அதை வாங்க வேண்டாம்.

ஒரு தடவை சோப்பும் பலிக்கவில்லை. டயரை ரிம்மின் மேல் கால் சுற்று திருப்பி மாட்டிப் பார்த்தேன். பள்ளம் டயரோடு நகர்ந்தால் குறை டயரில், நகராமல் ரிம்மின் அதே இடத்தில் நின்றால் ரிம்மில் அல்லது ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடும் டேப்பில். நகரவில்லை. பிரித்துப் பார்த்தால், பழைய துணி டேப்பின் மேலேயே இன்னொன்றை ஒட்டியிருந்தது, அதுவும் ஓரமாக விலகி. இரண்டையும் உரித்து, மெல்லிய டேப் ஒன்றை நடுப் பள்ளத்தில் படியும்படி ஒட்டினேன். அன்று 40 பிஎஸ்ஐ-யிலேயே டயர் உட்கார்ந்துவிட்டது.