அம்மாவின் வலது கண்ணும் ஒரு மருத்துவ மாணவியும்

பேருந்து பக்கத்தில் வந்த பிறகுதான் அம்மாவுக்கு எண் தெரியும். கையைக் காட்டுவதற்குள் அது போய்விடும். சிங்கப்பூரில், தேக்காவில் ஒரே மதியத்தில் மூன்று பேருந்துகளை இப்படி விட்டபிறகு பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து ஒரு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலது கண்.

முதல் சந்திப்பில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். உள்ளே இரண்டு மருத்துவ மாணவர்கள். அவர்கள் இருக்கலாமா என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாணவர், லேசரால் புரையைக் கரைப்பார்கள் என்றார். மருத்துவர் உடனே திருத்தினார்: இங்கே புரையை உடைப்பது மீயொலி அதிர்வு.

அப்புறம் தமிழ்ப் பெண்ணான மாணவி அம்மா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “பாட்டி, கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ்தான் மங்கியிருக்கு. அதுக்கு மேலே மெல்லிசா ஒரு உறை உண்டு. அதுல வட்டமா வழி பண்ணி, உள்ளே இருக்கிறதை உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு, அதே உறைக்குள்ள புது லென்ஸை வைப்பாங்க.”

“நுங்கைத் தோண்டி எடுக்கிற மாதிரியா?” என்றார் அம்மா.

“அதேதான் பாட்டி, தோல் மட்டும் அப்படியே இருக்கணும்.”

புரை நன்றாக முற்றட்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் கேட்டேன். அது பழைய முறைக்குச் சரி, இப்போது முற்ற விட்டால் லென்ஸ் கெட்டியாகி உடைப்பதுதான் சிரமம் என்றாள் அந்த மாணவி. லென்ஸ் வைக்கும் வழக்கத்தை 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி தொடங்கினார் என்பதையும் அவள்தான் சொன்னாள். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்தாராம். அம்மாவின் பயம் அங்கேயே பாதி குறைந்தது.

அறுவை சிகிச்சை அரை மணி நேரம்கூட இல்லை, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான், அன்றே வீடு. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு கைகொடுத்தது. சொட்டு மருந்து அட்டவணை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது பெரிய குறை. இரண்டு குப்பியும் ஒரே வெள்ளை மூடி. ஒன்றில் சிவப்பு நூல் கட்டினேன்.

இப்போது அம்மா ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்க்கிறார். இடது கண்ணுக்கு மஞ்சள், வலது கண்ணுக்கு வெள்ளை. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் அதே இடம்தான். அந்தப் பெண்ணின் பயிற்சி அதற்குள் வேறு பிரிவுக்கு மாறிவிடுமாம். பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.