கோ-4 புல்லா குதிரை மசாலா, கொள்ளா ஓட்ஸா: குதிரைத் தீவன அலசல்

புதிதாகக் குதிரை வாங்குபவர்கள் முதலில் கேட்பது, கொள்ளு எத்தனை கிலோ போட வேண்டும் என்பதுதான். புல்லைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. மாட்டுக்கு வெட்டிய கோ-4 (கம்பு நேப்பியர் ரகம்) புல்கட்டிலிருந்தே குதிரைக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது. தானியத்தைவிடப் புல்லைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

350 கிலோ எடையுள்ள குதிரையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். எடை தெரியாவிட்டால், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை வந்துவிடும். உலர் எடைக் கணக்கில் (ஈரத்தைக் கழித்து) இந்தக் குதிரைக்கு நாளுக்கு சுமார் 7 கிலோ நார்த்தீவனம் வேண்டும். பச்சையாகப் போட்டால் 30 கிலோவுக்கு மேல் போகும்.

கம்பு நேப்பியர் (கோ-4, கோ-5)

மலிவு, வெட்ட வெட்டத் தழையும், குதிரையும் விரும்பித் தின்னும். சிக்கல், புல்லிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பில் இருக்கிறது. நேப்பியரின் உலர் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை ஆக்சலேட் இருக்கலாம். இளம் புல்லில் இன்னும் கூடும். புல்லில் உள்ள கால்சியத்தை அது குடலிலேயே பிடித்துக் கட்டிவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. 7 கிலோ உலர் நேப்பியரில் கால்சியம் 24 கிராம் அளவில் இருக்கும். வேலை செய்யாமல் இருக்கும்போது இந்தக் குதிரையின் தேவை 14 கிராம்தான், ஆகவே காகிதத்தில் தாராளம். ஆனால் அந்த 24 கிராமையும் கட்டிப்போட 55 கிராம் ஆக்சலேட் போதும். புல்லில் இருப்பதோ 140 கிராமுக்கு மேல்.

கால்சியம் கிடைக்காத உடல், எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். சில மாதங்களில் கால் மாற்றிக் கால் நொண்டும், மெல்லச் சிரமப்படும், உடல் இளைக்கும், கடைசியில் தாடையும் முக எலும்பும் உப்பும். எலும்பு கரைந்து ஈடுகட்டுவதால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டக்கூடும்; அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கினியா புல், கொழுக்கட்டைப் புல், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பரவிக் கிடக்கும் கிகுயு ஆகியவற்றிலும் இதே தொல்லை உண்டு.

குதிரை மசால்

லூசர்ன் என்றும் சொல்லும் பயறுவகைத் தீவனப் பயிர் இது. உலர் எடையில் கால்சியம் 1.2 சதவீதத்துக்கு மேல், புரதம் 18 சதவீதம் அளவில். நேப்பியர் பறிப்பதை இது ஈடுகட்டும். விலையும் விளைச்சலும்தான் தடை: விதைத்து முதல் அறுவடைக்கே இரண்டரை மாதம் ஆகும். முழுக்க இதையே போடவும் வேண்டாம். புரதம் மிஞ்சினால் மூத்திரத்தில் அமோனியா நெடி ஏறி லாயமே கண்ணெரியும்.

அருகம்புல்

ஆக்சலேட் குறைவு, குதிரைக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் செதுக்கி விற்கும் புல்லில் வேரோடு மண் வரும். அந்த மண் பெருங்குடலில் படிந்து வயிற்று வலியில் கொண்டுவிடும். கட்டைப் பிரித்து உதறி, வேர்ப்பக்கத்தை அலசிப் போட வேண்டும்.

நாங்கள் பரிந்துரைக்கும் கலவை, உலர் எடையில்: குதிரை மசால் 2 கிலோ, நேப்பியர் 2 கிலோவுக்கு மிகாமல், மீதி அருகம்புல் அல்லது காய்ந்த புல். நெல் வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து மிகக் குறைவு. அதையே நம்பினால் குடல் அடைப்பு வரலாம். இளம் சோளத்தட்டு வேண்டவே வேண்டாம்.

கொள்ளும் ஓட்ஸும்

கொள்ளில் புரதம் 22 சதவீதம் அளவுக்கு உண்டு. அதோடு புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் இருப்பதால் பச்சையாகப் போடக் கூடாது. 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரு விரலுக்கு நடுவே நசுக்கினால் மாவாகும் வரை வேகவிடுங்கள். நடுவில் கடினமான பருக்கை தட்டுப்பட்டால் இன்னும் வேகவில்லை. கோடையில் காலையில் வெந்தது மாலைக்குள் புளித்துவிடும். நுரையோ புளிப்பு வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஓட்ஸுக்கு அடுப்பே வேண்டாம். பல் நன்றாக இருக்கும் குதிரைக்கு முழுசாகவே போடலாம். அதன் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். மக்காச்சோளமும் பார்லியும் பச்சையாகப் போனால் அப்படிச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையையே சிதைக்கும்.

ஓட்ஸ் கிடைத்து விலையும் கட்டுப்படியானால் அதற்கே எங்கள் வாக்கு. கிடைக்காத ஊரில் வேகவைத்த கொள்ளு நன்றாகவே சமாளிக்கும். மிதமான வேலை செய்யும் இந்தக் குதிரைக்கு, வேகவைக்கும் முன் எடை போட்ட கொள்ளு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை, இரண்டு வேளையாகப் பிரித்து. வேலை இல்லாத நாளில் பாதி போதும். படியால் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும்: ஒரு லிட்டர் ஓட்ஸ் அரைக் கிலோகூட வராது, அதே அளவைக்குக் கொள்ளு 800 கிராம் வரும்.

கோதுமைத் தவிடு

தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்கு. கால்சியம் உடலில் சேரவிடாது. நேப்பியரும் தவிடும் ஒன்றுசேர்ந்தால் எலும்புக்கு இரட்டை அடி. அரைக் கிலோவுக்கு மேல் தினமும் வேண்டாம். அந்த அரைக் கிலோவோடும் தீவனத் தரமுள்ள சுண்ணாம்புக்கல் தூள் 20 கிராம் சேருங்கள்.

மாட்டுத் தீவனக் குச்சியும் கோழித் தீவனமும் குதிரை இருக்கும் கொட்டகைக்குள்ளேயே வரக் கூடாது. அவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால், மாடும் கோழியும் தாங்கும் அளவே குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கிவரும் குதிரைக்கு இந்தக் கலவையை முதல் நாளே போடாதீர்கள். அதுவரை என்ன தின்றது என்று விற்பவரிடம் கேட்டு, முடிந்தால் அதே தீவனத்தில் நாலைந்து நாளுக்கு உள்ளதை உடன் வாங்கி வாருங்கள். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பத்து நாளில் மாற்றுங்கள்.