ஃபார்முலா நோட்டை நீட்டாதீங்க: 85,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். பெயர் போடவில்லை. சோப்பு ஆயில், பினாயில், பாத்திர லிக்விட் செய்கிற எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளுக்கு ஃபார்முலா சரிசெய்து தரும் கெமிஸ்ட்ரி ஆலோசகர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டம் சுவரில் ஃப்ரேம் போட்டுத் தொங்குகிறது.

நான் திண்டுக்கல் பக்கம் பாத்திரம் துலக்கும் லிக்விட் போடுகிறேன். எல்லாரையும் போல ஆசிட் ஸ்லரி (அழுக்கு எடுக்கிற சரக்கு), காஸ்டிக், எஸ்.எல்.இ.எஸ். (நுரை வரவைக்கிற சரக்கு), உப்புதான். கூடுதலாக ஒன்றே ஒன்று, பூந்திக்கொட்டைச் சாறு. முதல் கொதியில் வருவது கறுப்பாக நெடியோடு இருக்கும், அதைத் தரை துடைக்கிற லிக்விட்டுக்குத் தள்ளிவிடுவேன். அதே தோலை வேறு பக்குவத்தில் இன்னொரு தடவை கொதிக்கவிட்டால் தேன் நிறத்தில் இறங்கும். அம்மா சொல்லிக்கொடுத்த வழி. (எப்படி என்று இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை எழுதிக்கொடுத்தது போதும்.) என் நோட்டில் அதற்குப் பெயர் 'அம்மா-2'. அந்தப் பக்குவம் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. எத்தனை கேன் சாக்கடையில் ஊற்றியிருப்பேன், கணக்கே இல்லை.

போன ஐப்பசியில் கடைக்குப் போன பாட்டில்கள் பத்தே நாளில் உப்ப ஆரம்பித்தன. ஒரு மெஸ்ஸில் மூடி தெறித்துச் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது. "ஏம்மா, பாத்திரம் கழுவக் குடுத்தியா, தீபாவளிக்கு வெடிக்கக் குடுத்தியா?" என்று அந்த அண்ணன் கேட்ட பிறகுதான் இந்த ஆலோசகரைத் தேடிப் போனேன்.

கட்டணம் 85,000 ரூபாய். 50,000 பேங்க்கில் போட்டேன். மீதி 35,000 ரொக்கம். "பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி மேல வரும் மேடம், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். என் மேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபார்முலா முழுசாக வேண்டும் என்றார். "ஏதாவது எழுதிக்கலாமா சார்?" என்று தயங்கித்தான் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "டாக்டர்கிட்ட, வக்கீல்கிட்ட, என்கிட்ட மறைக்கக் கூடாது மேடம். இத்தனை வருஷத்துல இந்த ரூம்ல பேசினது இந்த ரூமைத் தாண்டினதில்ல." நோட்டை நீட்டிவிட்டேன். மூலையில் இருந்த மெஷினில் பையன் ஜெராக்ஸ் எடுத்தான். பதினோரு பக்கம். மஞ்சள் கறையோடு என் கையெழுத்து ஒவ்வொரு பக்கமாக வெளியே வந்து விழுந்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஏனென்றால் காபி வருவதற்குள் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை உருவி, "இது யாரோடதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் தொங்குகிற பினாயில். பினாயிலுக்கு முக்கியமான பைன் ஆயில் எவ்வளவு கம்மியாகப் போடுகிறார்கள் என்று விரலை வைத்துக் காட்டினார். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ரூமைத் தாண்டாத பேச்சு என் காதுக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நம்மை நம்பித்தானே சொல்கிறார் என்று பெருமையாக வேறு இருந்தது.

வேலை தெரியாத ஆள் என்று பொய் சொல்ல மாட்டேன். சாறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ப்ரிசர்வேட்டிவை (சரக்கு கெடாமல் இருக்கப் போடுகிற மருந்து) ஊற்றிக்கொண்டிருந்தோம், காரம் எவ்வளவு என்று காட்டுகிற பி.எச்.சும் 9-க்கு மேல் நின்றது. அந்தச் சூட்டிலும் காரத்திலும் மருந்து செத்துப்போகும், அப்புறம் கிருமி பெருகிப் புளித்துக் காற்று கட்டும் என்றார். முதலில் பி.எச்.சை 7-க்குக் கீழே இறக்கு, 40 டிகிரிக்குக் கீழே ஆறின பிறகு போடு. அவ்வளவுதான் வைத்தியம். பாட்டில் உப்புவது நின்றுவிட்டது. கற்பூரம் வைக்காத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் நான் சரக்கு எடுக்கிற மதுரைக் கடையிலிருந்து பாய் போன் பண்ணினார். "ஏம்மா, அம்மா-2ன்னு ஒரு கெமிக்கல் இருக்கா? ஒரு பையன் சீட்டு கொண்டாந்து பன்னெண்டு லிட்டர் கேக்கிறான். நானும் முப்பது வருஷமா கடை நடத்துறேன், கேள்விப்பட்டதில்லையே."

சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆசிட் ஸ்லரி, காஸ்டிக், உப்பு என்று வரிசை மாறாமல் என் அளவு, கடைசியில் அம்மா-2. சாறு எடுக்கிற பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமலே வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சீட்டு யாருடையது என்று விசாரித்தால், நான் சரக்குப் போடுகிற ஒரு காலேஜ் கேன்டீனுக்கு என்னைவிட லிட்டருக்கு ஆறு ரூபாய் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்திருக்கிற பார்ட்டி.

ஆலோசகருக்குப் போன் போட்டேன். முதல் நாள் "மீட்டிங்ல இருக்கேன் மேடம்". இரண்டாம் நாள், "அசிஸ்டென்ட் பையன் பண்ணியிருப்பான், அவன் நின்னுட்டான்". மூன்றாம் நாள் குரலே மாறிவிட்டது. "கெமிஸ்ட்ரி எல்லாருக்கும் பொதுதானே மேடம்? பூந்திக்கொட்டை என்ன உங்க வீட்டுலயா கண்டுபிடிச்சது?" 85,000 ரூபாய் வாங்கும்போது பொதுவாக இல்லையே சார் என்றேன். கட். அதற்கப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும்தான்.

வக்கீலைப் பார்த்தேன். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாதாம். சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் 289-வது அறிக்கையில் ஒரு சட்ட வரைவையே எழுதிக் கொடுத்திருக்கிறது. இப்போதைக்கு 1872 ஒப்பந்தச் சட்டப்படி எழுத்தில் ஏதாவது இருந்தால் பிடிமானம், இல்லையென்றால் நம்பிக்கையை மீறினார் என்று கோர்ட்டில் நாம் நிரூபிக்க வேண்டும். "எழுத்துல என்னம்மா வச்சிருக்கீங்க?" என்றார். 'ஆலோசனைக் கட்டணம்' என்று போட்ட 50,000 ரூபாய் பேங்க் பதிவுதான் இருக்கிறது. 35,000 காற்றோடு போச்சு. ஆடிட்டர் உளறினால் அவர்கள் இன்ஸ்டிட்யூட்டில் புகார் கொடுக்கலாம், வக்கீல் உளறினால் பார் கவுன்சில் இருக்கிறது. கெமிஸ்ட்ரி ஆலோசகரின் சன்னதை (தொழில் செய்ய வக்கீலுக்குத் தருவது போன்ற அனுமதிப் பத்திரம்) யார் பிடுங்குவது? அவருக்குச் சன்னதே கிடையாதே. நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் அதற்கும் ஃபீஸ் உண்டு.

பத்து யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் நோட்டைத் திறக்காதீர்கள். பில் இல்லாமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கே கோளாறோ அந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள், என் கோளாறுக்கு இரண்டு பக்கம் போதும், பதினொன்றையும் கொடுத்தேன். வெறும் டெஸ்ட் போதும் என்றால் என்.ஏ.பி.எல். (லேபுகளைச் சோதித்து அங்கீகாரம் தருகிற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபுக்குப் போங்கள். அவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்கிற லேப் தர விதிகளில் வாடிக்கையாளர் ரகசியத்துக்கென்றே 4.2 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுத்தவன் ஃபைலை எடுத்துக் காட்டினால் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த பினாயில்காரர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து நம்பரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொன்னால், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்பாரே.