வீட்டில் செய்த ஜெட் ஸ்கீ ஸ்டாண்ட்: மரத்தைக் குறை சொல்ல மாட்டேன்

பின்பக்கச் சக்கரங்களை மறுபடியும் மாற்றிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. ஆகவே சக்கரம் வரும் இடங்களில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஓட்டும் ஜெட் ஸ்கீயை டிரெய்லரிலிருந்து இறக்கி ஷெட்டில் நிறுத்திவைக்க, மரத்தில் உருளும் ஸ்டாண்ட் செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லப் போவதில்லை. நீளவாட்டில் இரண்டு சட்டம், குறுக்கே மூன்று, மேலே கார்பெட் சுற்றிய இரண்டு தாங்குகட்டை, கீழே எல்லாப் பக்கமும் திரும்பும் நான்கு சக்கரம். யாரும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். செய்து முடித்து, அதோடு பல பருவம் குப்பை கொட்டிய பிறகு எது உறுத்துகிறது என்பதுதான் எனக்கு விஷயம்.

மரத்தில் ஒரு குறையும் இல்லை. 38க்கு 89 மில்லிமீட்டர் சட்டத்தை நெட்டக்குத்தலாக நிறுத்தி, இரண்டிரண்டாகச் சேர்த்து, மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் கொடுத்திருக்கிறேன். அசைவே இல்லை. மேலே ஏறி நின்று குதித்தாலும் முனகாது. பூச்சியும் ஈரமும் அண்டாமல் இருக்க ரசாயனம் ஏற்றிய மரம் வாங்குவோர் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த ரசாயனத்தில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். சாதாரண பளபள போல்ட்டை அது சீக்கிரமே தின்றுவிடும். கெட்டியாகத் துத்தநாகம் தோய்த்த போல்ட், இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ். கடலில் ஓட்டுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ்தான். ஸ்க்ரூ மட்டும் போட்டு முடித்துவிட்டால், பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும்போது சக்கரத் தகடு மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். போல்ட் மரத்தை ஊடுருவி மறுபக்கம் வரவேண்டும், அங்கே அகலமான வாஷர் உட்காரவேண்டும். மரத்தைப் பற்றி அவ்வளவுதான்.

இனி சக்கரம்.

மூன்று பேர் உட்காரும் பெரிய ஜெட் ஸ்கீ வெற்று எடையிலேயே 350 கிலோவைத் தொடும், சில மாடல்கள் தாண்டும். 70 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டும் இன்னொரு 50 கிலோ. ஸ்டாண்டின் மரத்தையும் சேர்த்தால் 450 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரம் நான்கு என்பதால் நான்கால் வகுக்கத் தோன்றும். வகுக்கக் கூடாது. எந்தத் தரையும் முழு மட்டம் கிடையாது; ஏதாவது ஒரு சக்கரம் எப்போதும் பேருக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், சுமையை மற்ற மூன்றும் வாங்கும். மூன்றால் வகுத்தால் ஒன்றுக்கு 150 கிலோ. போதாததற்கு வண்டியின் கனம் பின்பாதியில்தான் அதிகம், ஆகவே பின்சக்கரங்கள் தங்கள் பங்குக்கு மேலேயே சுமக்கும். ஒன்றுக்கு 200 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதற்குக் கீழே நான் இறங்குவதில்லை.

தாங்குவது வேறு, உருளுவது வேறு. கடையில் தட்டிப் பார்த்து வாங்குவதெல்லாம் தாங்குவதைப் பற்றித்தான். 75 மில்லிமீட்டர் சக்கரம் நான்கு சேர்ந்து 450 கிலோவைத் தாங்கும். ஆனால் தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தால் போதும், மொத்த ஸ்டாண்டும் சுவரில் மோதியது போல் நிற்கும். குனிந்து பார்த்தால் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கல். அதை எடுக்க ஸ்டாண்டைப் பின்னால் தள்ளவேண்டும். பின்னால் தள்ளினால் நான்கு சக்கரமும் அரைவட்டம் திரும்பவேண்டும். திரும்பும்போது ஸ்டாண்ட் நேராகப் போகாது, பக்கவாட்டில் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருப்பதுதான் காரணம். கையில் இழுத்துப்போகும் பெட்டியில் இதைக் கவனிக்கவே மாட்டோம். 450 கிலோவில் அந்த வெடுக்கு முழங்காலைத் தேடி வரும்.

பிரேக் விஷயம் இதைவிட மோசம். அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

என் சக்கரங்களில் பிரேக் மிதி, சக்கரம் இழுபட்டு வரும் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்டை எந்தத் திசையில் நகர்த்துகிறோமோ, மிதி அதற்கு எதிர்த்திசையைப் பார்க்கும். உள்ளே தள்ளும்போது பிரச்சினை இல்லை; மிதிகள் எல்லாம் என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், காலால் ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. வெளியே இழுக்கும்போது? சக்கரங்கள் எல்லாம் திரும்பிவிடும், மிதிகள் ஸ்டாண்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஷெட் தரைகளை வழக்கமாக வாசலை நோக்கித்தான் லேசாகச் சரித்துப் போடுவார்கள், தண்ணீர் வெளியே வழிய. அதாவது ஸ்டாண்ட் தானாக உருண்டு என்மேல் வரக்கூடிய திசையும் அதுதான், பிரேக் மிதி என் காலுக்கு எட்டாத திசையும் அதுதான். உள்ளே தள்ளும்போது பிரேக்கே தேவையில்லை, சுவர் இருக்கிறது. தேவைப்படுகிற ஒரே தருணத்தில் மிதியை ஒளித்துவைக்கும் பொருளை வடிவமைத்தவர், வாழ்க்கையில் ஒருமுறையாவது கனமான எதையாவது சரிவில் இழுத்துப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். நான்கும் திரும்பும் சக்கரங்களாக இருப்பதால்தான் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுவரோரம் ஒட்டி நிறுத்த முடிகிறது. பின்னால் இரண்டைத் திரும்பாத சக்கரமாகப் போட்டால் ஸ்டாண்ட் கோடு போட்டதுபோல் நேராகப் போகும், வெடுக்கும் பாதி குறையும். ஆனால் மூலையில் நுழைக்க முன்னும் பின்னும் பலமுறை போய்வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: வேண்டும்போது ஒரு கொக்கியைப் போட்டுத் திசையைப் பூட்டிவிடலாம். இப்போது பின்னால் மாற்றியிருப்பது அதுதான். 150 மில்லிமீட்டர், இரும்பு நடுவில் பாலியூரித்தேன் வளையம். கல்லெல்லாம் இப்போது பொருட்டில்லை. பூட்டுவதற்குச் சக்கரத்தைச் சரியாக நேர்ப்படுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு ஸ்டாண்டைக் கொஞ்சம் முன்னே பின்னே ஆட்டவேண்டும், அந்த ஆட்டத்தில் மறுபடி வெடுக்கு. சரி, அதையாவது விட்டுவிடலாம்.

மற்ற வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் சத்தமில்லாமல் போகும், ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சுமையோடு நின்றால் தரையைத் தொடும் பக்கம் தட்டையாகி, அப்புறம் தள்ளும்போது தட் தட்டென்று அடிக்கும். நைலான் லேசாக உருளும், தட்டையாகாது. சிமெண்ட் தரையில் அது போடும் சத்தத்தில் பக்கத்து வீடு எழுந்துவிடும். பாலியூரித்தேன் நடுத்தரம், ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் மலிவானது ஓரத்திலிருந்து உதிர ஆரம்பிக்கிறது. என்னுடைய பழைய பின்சக்கரங்களை அனுப்பிவைத்தது அதுதான். எது போட்டாலும், பருவம் முடிந்து நிறுத்தும்போது சட்டத்தின் அடியில் நான்கு மூலையிலும் கட்டை கொடுத்துச் சக்கரத்தின் மேல் சுமையே இல்லாமல் செய்துவிடுவது நல்லது.

பிரேக்குக்கு நான் கண்ட வழி? இரண்டு முட்டுக்கட்டை. மீந்த மரத்தை ஆப்பு போல் அறுத்து, ஒரு நைலான் கயிற்றால் இரண்டையும் பிணைத்து, ஸ்டாண்டின் தலையில் மாட்டியிருக்கிறேன். இழுக்கும்போது ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டே வருவேன். நான்கு சக்கரத்திலும் பிரேக் என்று பணம் கொடுத்து வாங்கிவிட்டு, கடைசியில் ஸ்டாண்டை நிறுத்துவது ஒரு துண்டு மரம்.

இத்தனைக்கும் நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று இந்த ஸ்டாண்டில் கிடைத்தது: அடிப்பக்கம். டிரெய்லரில் இருக்கும்போது குறுக்குக் கம்பி மறைக்கும், கீழே படுத்தாலும் கழுத்தைத்தான் திருகிக்கொள்ளலாம். இதில் தாங்குகட்டைகளின் பின்முனையை, தண்ணீரை உறிஞ்சும் கம்பி வலை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எதுவும் மறைக்காதபடி வைத்திருக்கிறேன். ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து டார்ச் அடித்தால் இம்பெல்லரின், அதாவது தண்ணீரை இழுத்துப் பின்னால் தள்ளும் விசிறியின், இதழ் ஓரங்கள் அப்படியே தெரியும். மணலோ சின்னக் கல்லோ உறிஞ்சிய நாளுக்கு மறுநாள் ஓரத்தில் பல் விழுந்திருக்கிறதா, இதழுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த இடைவெளி கொஞ்சம் கூடினாலே கிளம்பும்போது இழுவை குறைந்து எஞ்சின் மட்டும் கத்தும். வலையில் சிக்கிய கயிறு, பிளாஸ்டிக் பை, பாசி எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே உருவி எடுக்கலாம். முன்பு இதற்கெல்லாம் நாள் பார்ப்பேன். இப்போது சும்மா கடந்து போகும்போதுகூட ஒரு பார்வை பார்க்கிறேன்.

இன்னொன்று, வடிகால். முன்பக்கச் சட்டத்தின் கீழ் ஒரு ஜாக்கி வைத்து மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டு வடிகால் மூடியையும் கழற்றினால், உள்ளே தேங்கியதெல்லாம் வழிந்துவிடும். மூக்கைத் தூக்காமல் சமமாக நிறுத்தினால் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டேதான் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டுக் குழாய்த் தண்ணீரால் அலசும்போது ஸ்டாண்டை வெளியே இழுத்துக்கொள்ளலாம் என்பதும் பெரிய வசதி. மூடிய ஷெட்டுக்குள் புகை விட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. வெளித்தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் முதலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டுத்தான் குழாயைத் திறக்கவேண்டும், நிறுத்தும்போது முதலில் குழாயை மூடவேண்டும். ஸ்டாண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் மாற்றிச் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் ஏற்றிவிட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

டிரெய்லரிலிருந்து ஸ்டாண்டுக்கு மாற்றுவதுதான் உண்மையான வேலை. தாங்குகட்டைகளின் உயரமும் இடைவெளியும் டிரெய்லரில் இருப்பதை ஒத்திருந்தால் தூக்கவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு வரும். கார்பெட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சுலபம். ஆனால் வண்டி ஸ்டாண்டின் மேல் ஏற ஏற ஸ்டாண்டைத் தள்ளும். பிரேக்கை நம்பாமல் ஸ்டாண்டை டிரெய்லரோடு பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். பாதி ஏறிய நிலையில் இரண்டு பக்கமும் ஆபத்து. கனம் டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் வந்ததும் அதன் முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும், அதனால் அதைக் காரிலிருந்து கழற்றவே கூடாது. ஸ்டாண்டின் சக்கரங்கள் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தால், இந்தப் பக்கம் சுமை ஏறும்போது அந்தப் பக்கம் தூக்கும். சக்கரங்களை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் வைத்ததுதான் என் ஸ்டாண்டில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தனியாளாகச் செய்துவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கார்பெட்டைப் பற்றி ஒரு வரி: உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயவே காயாது, ஆகவே நல்ல தண்ணீரில் அலசாமல் வண்டியை மேலே ஏற்றி மூடிவிடாதீர்கள்.

நண்பர் ஒருவர், செய்யலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் டிரெய்லரை நிறுத்த இடம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இம்பெல்லரைப் பார்க்கும் சுகத்தையெல்லாம் அவரிடம் சொல்லவே இல்லை. உன்னுடையதைத் தருகிறாயா என்றார். அதுவும் முடியாது என்றேன். கடுப்பாகிப் போனை வைத்துவிட்டார். இன்றைக்கு என் மனநிலை இதுதான். வேறொரு நாள் கேட்டிருந்தால் மரம் வாங்க நானே கூடப் போயிருப்பேனோ என்னவோ.

அப்படியும் செய்தே தீருவேன் என்பவர்கள் சக்கரத்தை முதலில் வாங்குங்கள். தகட்டிலிருந்து தரைவரை அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து, டிரெய்லரின் உயரத்தோடு கணக்குப் போட்ட பிறகு மரத்தை அறுங்கள். வாங்கும் முன் கடையிலேயே சக்கரத்தைத் தரையில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்து, மிதி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.