அப்பா காரின் டோர் பேட்: ஒரு விரிசல், இரண்டு பட்டறைகள்

லீவில் வந்த மூன்றாம் நாள் அப்பாவின் பழைய காரை எடுக்கப்போய் கையில் கீறல் வாங்கினேன். டிரைவர் பக்கக் கதவின் உள்பக்க பிளாஸ்டிக், அதாவது டோர் பேட், ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. கதவைச் சாத்தும்போது அப்பா கைப்பிடியைத் தொடுவதே இல்லை; கீழே பாட்டில் வைக்கும் பாக்கெட்டின் விளிம்பைப் பிடித்துத்தான் இழுப்பார். வெயிலில் நின்று நின்று இறுகிப்போன பிளாஸ்டிக் எவ்வளவுதான் தாங்கும்?

முதலில் போன பட்டறையில் "பத்து நிமிஷம் சார்" என்றார்கள். பேடைக் கழற்றாமலே விரிசலில் சூப்பர் குளூ ஊற்றி அழுத்திக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் பசை செதில் செதிலாக உரிந்து வந்தது. ஓரத்தில் வழிந்து காய்ந்த வெள்ளைக் கறை மட்டும் போகவில்லை.

இரண்டாவது மெக்கானிக் வேறு மாதிரி. பேட்டரி ஒயரைக் கழற்றினார். கைப்பிடிக் குழிக்குள் மூடிக்கு அடியில் ஒளிந்திருந்த ஸ்க்ரூக்களை எடுத்தார். பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரமாக விட்டு கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, பேடை மேல்நோக்கித் தூக்கினார். திருப்பியதும் என்னைக் கூப்பிட்டு, பின்பக்கம் அச்சாகியிருந்த 'பிபி-டி20' என்ற குறியைக் காட்டினார். பாலிபுரோப்பிலீன் (பிபி) என்ற பிளாஸ்டிக்கில் 20 சதவீதம் டால்க் என்ற கனிமத் தூள் கலந்தது என்று அர்த்தமாம். ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக்காக இருந்தால் அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி ஒட்டலாம். இது அசிட்டோனில் கரையாது, சாதாரணப் பசையும் பிடிக்காது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும் என்றார். "தண்ணீரில் மிதந்தால் பிபிதானே அண்ணே?" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "டால்க் கலந்தா முங்கிரும் சார்." அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

விரிசல் மேலும் ஓடாமலிருக்க அது முடியும் இடத்தில் சின்னதாக ஒரு துளை. பின்பக்கத்திலிருந்து 'வி' வடிவில் பள்ளம். தட்டை முனை சால்டரிங் அயர்னால் மெல்லிய ஸ்டீல் வலையை உள்ளே அமுக்கி, அதன்மேல் பிபி குச்சியை உருக்கி நிரப்பினார். பிபி உருக 160 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போதும். புகை வந்தால் கருகிப்போய் மறுபடி உடையும் என்று நடுநடுவே கையை நிறுத்தி ஆறவிட்டார். முன்பக்கத்தைத் தொடவேயில்லை. தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு போய் வழுக்கை விழுந்த மாதிரி தெரியும், அதனால் மயிரிழைக் கோடு இருக்கத்தான் செய்யும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பேடுக்குப் பின்னால் இருக்கும் ஷீட்டையும் ஓட்டையில்லாமல் திரும்ப ஒட்டினார். அது விட்டுப்போனால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை வைத்தே மோதலை உணர்வதால், அங்கே ஓட்டை விடுவது ஆபத்தும்கூட.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று உண்டு. எல்லாம் மாட்டி முடித்து சாவியைத் திருப்பினால் கண்ணாடி இறங்கவில்லை. சுவிட்ச் கனெக்டரைச் செருக மறந்திருக்கிறார்! மறுபடி கழற்றியதில் ஒரு கிளிப் உடைந்து, புதிதாக ஒன்று போட்டார்.

இப்போது மூன்று வாரமாகிறது. வெல்டிங் அசையவில்லை. அப்பா இன்னும் பாக்கெட்டைப் பிடித்துத்தான் கதவை இழுக்கிறார்.