கர்ப்பப்பை இறக்க ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்கு முக்கூடல் பக்கம். பீடி சுற்றி எங்களை வளர்த்தவள். அடி இறங்கி வருஷக்கணக்காகியும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றுக்கு உட்கார்ந்தால் சட்டென்று வராது. இறங்கியதை விரலால் உள்ளே தள்ளினால்தான் வரும். போன பிறகும் மிச்சம் இருப்பதுபோலவே இருக்கும். நெல்லையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இவ்வளவையும் என் முன்னால்தான் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் குறித்துக்கூடக் கொள்ளவில்லை. "கர்ப்பப்பையை எடுத்துட்டு சதையைத் தூக்கித் தச்சுட்டா யூரின் தொந்தரவு மொத்தமும் போயிரும்" என்றார். தியேட்டருக்குக் கூட்டிப்போகிற அவசரத்தில் முழுக்க ஆங்கிலத்தில் இருந்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

இறக்கம் சரியானது. அடிக்கடி முட்டிக்கொண்டு வந்ததும் குறைந்தது. ஆனால் மூத்திரம் போக வைத்திருந்த ட்யூபை எடுத்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, "ஏட்டி, தும்முனா சேலை நனைஞ்சிருது" என்றாள். அதற்கு முன் ஒருநாளும் அவளுக்கு ஒழுகியதில்லை. திரும்பக் கூட்டிப்போனால், "வயசானா அப்படித்தாம்மா, பேட் வச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஊர்க் கொடைக்குக்கூட வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில்தான் காரணம் சொன்னார்கள். மூத்திரப்பை கீழே சரியும்போது மூத்திரக்குழாய் மடங்கிக்கொள்ளும். மடங்கிய ஹோஸில் தண்ணீர் நிற்கிற மாதிரி, குழாயின் பலவீனத்தை அந்த மடிப்புதான் இத்தனை நாளும் மறைத்திருக்கிறது. ஆபரேஷனில் மடிப்பு நிமிர்ந்ததும் ஒழுக்கு வெளியே தெரிகிறது. விரலால் தள்ளித்தான் போகிறேன் என்று அம்மா சொன்னபோதே இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இதை முன்கூட்டியே பார்க்கப் பெரிய மிஷின் வேண்டாம். மூத்திரம் நிரம்பியிருக்கும்போது இறக்கத்தை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். போன பிறகு எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அம்மாவுக்கு இரண்டும் செய்யவில்லை. இருமும்போது ஒழுகவில்லை என்றாலும் பின்னால் வராது என்று உறுதி கிடையாது. அதனால்தான் "மொத்தமும் போயிரும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்கிறேன்.

அமெரிக்காவில் இறக்கம் இருந்தும் இருமினால், தும்மினால் ஒழுகாத பெண்களிடம் நடத்திய ஒரு ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பிறப்புறுப்பு வழியாக இறக்கத்தை மட்டும் சரிசெய்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மூன்று மாதத்தில் மூத்திர ஒழுக்குப் பிரச்சினை இருந்தது. கூடவே குழாய்க்கு அடியில் நாடா வைத்துத் தாங்கல் கொடுத்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான். ஆனால் நாடா வைப்பதில் மூத்திரப்பையில் ஓட்டை விழுவது, கிருமித் தொற்று என்று வேறு ஆபத்துகள் உண்டு. ஆகவே வைப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவுசெய்ய வேண்டியவள் அம்மா. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. கத்தியே வேண்டாம் என்பவர்களுக்கு இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் ரிங் இருக்கிறது. அதையும் நாங்கள் ஐகிரவுண்டில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

நோயாளிக்குப் புரியும்படி விளக்கி, பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு.

ஏற்கெனவே ஒழுகுகிறவர்கள் வயசு என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பின் அடித்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, அதில் கேட்காவிட்டால் மேற்கொண்டு சிகிச்சையும் இருக்கிறது. அம்மா பயிற்சியை ஆரம்பித்திருக்கிறாள். கேஸ் ஷீட் கேட்டு நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.