மணிச்சத்தும் சாம்பல் சத்தும்: தென்னந்தோப்பில் 14 ஆண்டு அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் தோப்பில் 14 ஆண்டுகளாகத் தென்னைக்கு உரம் வைத்து வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் யூரியாவும் டி.ஏ.பி.யும் (டை அமோனியம் பாஸ்பேட்) மட்டுமே வைத்தேன். எல்லாச் சத்தும் அதிலேயே அடக்கம் என்று கடையில் சொன்னதை நம்பிவிட்டேன். டி.ஏ.பி.யில் தழைச்சத்து (நைட்ரஜன்) 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். சாம்பல் சத்தான பொட்டாசியம் துளியும் கிடையாது. மூட்டையின் மேலேயே 18-46-0 என்று அச்சிட்டிருந்தும் அந்தச் சுழியத்தை நான் பொருட்படுத்தவில்லை.

அடிமட்டைகளில் ஓலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் காய, ஈர்க்கை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாக நின்றது. குரும்பைகள் கொட்டின. வறட்சி என்று எண்ணித் தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை. கேரள அரசின் வேளாண் அலுவலகமான கிருஷி பவன் வழியாக மண் பரிசோதனை செய்தபோதுதான் மணிச்சத்து மிகுதி, சாம்பல் சத்து குறைவு என்று தெரிந்தது.

மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் ஓடவும் பயிருக்குள் ஆற்றல் கைமாறவும் அது வேண்டும். ஆனால் மண்ணில் இட்ட இடத்தை விட்டு எளிதில் நகராது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசலில் சுண்ணாம்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பொட்டாசியமோ இலைத்துளைகளைத் திறந்து மூடி நீரைக் காக்கிறது, சர்க்கரையைக் காய்க்குக் கொண்டு சேர்க்கிறது. மணற்பாங்கான நிலத்தில் மழையோடு அது கீழே இறங்கிவிடும். ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது.

அதன்பின் டி.ஏ.பி.யை நிறுத்தினேன். ஆண்டுக்கு மரமொன்றுக்கு சாம்பல் சத்து உரமான மியூரேட் ஆஃப் பொட்டாஷ் இரண்டு கிலோவை இரண்டாகப் பிரித்து, ஆனியிலும் மார்கழியிலும் ஈரம் இருக்கும்போது, தூரிலிருந்து ஆறடி ஆரமுள்ள வட்டப் பாத்தியில் தூவிக் கொத்திவிடுகிறேன். அந்தச் செந்நிற உப்பு மழைக்காலத்தில் கசிந்து கட்டியாகிவிடும் என்பதால் மூட்டையைப் பலகைமேல் வைக்க வேண்டும்.

காய்ந்த மட்டைகள் தேறவில்லை. புதிதாக விரிந்தவை முழுப் பச்சையாக வந்தன. பாளை கருவாகித் தேங்காய் முற்ற மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆவதால் மகசூல் கூடியதை நான்காம் ஆண்டில்தான் கண்டேன். பொட்டாஷ் மிகுந்தால் மக்னீசியம் ஏறுவது தடைப்படும். ஆகவே இரண்டு கிலோவுக்கு மேல் நான் வைப்பதில்லை.